மே மாதம் அருவிக்குக் கிளம்புகிறீர்களா? முதலில் மேலே மழை பெய்ததா என்று கேளுங்கள்

மே மாதத்தில் மதுரையிலிருந்து அருவிக்குக் கிளம்புகிற பலர் செய்கிற முதல் தப்பு, போட்டோவைப் பார்த்து அருவியைத் தேர்ந்தெடுப்பது. அந்தப் போட்டோ ஆடியில் எடுத்ததாக இருக்கும், இல்லையென்றால் ஐப்பசியில் எடுத்ததாக இருக்கும். நாம் போய் நிற்பதோ கத்திரி வெயிலில். 120 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய், பிள்ளைகள் துண்டும் கையுமாக இறங்கி ஓடி, அங்கே வெறும் பாறையில் கறுப்பாக ஒரு தண்ணீர்த் தடம் மட்டும் இருந்தால் அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாது.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. நாம் குளிக்கிற இடத்தில் வெயில் அடிக்கிறது, வானம் வெளுப்பாக இருக்கிறது, அதனால் பயமில்லை என்று நினைத்துக்கொள்வது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அருவியைப் பார்க்கிறோம், அதற்குப் பின்னால் இருக்கிற மலையைப் பார்ப்பதில்லை. கும்பக்கரையில் நம் தலையில் விழுகிற தண்ணீர் கொடைக்கானல் மலையில் பெய்த மழை. சுருளியில் விழுவது மேகமலையில் பெய்த மழை. அந்த மலையில் மழை எப்போது பெய்யும், நேற்று பெய்ததா, இப்போது பெய்துகொண்டிருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால், எந்த அருவிக்குப் போவது, எத்தனை மணிக்குப் போவது, எப்போது தண்ணீரை விட்டு வெளியே வருவது என்று பாதி விஷயம் முடிந்துவிடும். முதல் தடவையாகச் சொந்தக் காரில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களை மனதில் வைத்து, பதினைந்து வருடமாகப் போய்வந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எந்த அருவி

முதலில் குற்றாலத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அருவி என்றாலே நம் வீடுகளில் எல்லோர் வாயிலும் வருவது அதுதான். திருமங்கலம், கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், கடையநல்லூர் வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர். ஆனால் குற்றாலம் தென்மேற்குப் பருவமழையை நம்பி இருக்கிற ஊர். அந்த மழை ஜூன் முதல் வாரத்தை ஒட்டித்தான் கேரளத்தில் தொடங்கும், அதற்கப்புறம்தான் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும். ஜூன் கடைசி, ஜூலை, ஆகஸ்ட், இதுதான் சீசன். மே மாதத்தில் அங்கே இரண்டில் ஒன்றுதான்: நூல் மாதிரி தண்ணீர் விழும், அல்லது கோடைமழை பெய்து திடீரென்று பொங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படிப் பொங்கிய வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். சீசனுக்கு முன்னால்தானே, தண்ணீர் கம்மியாகத்தானே இருக்கும் என்று போகிற மாதம் அது. குற்றாலத்துக்கு ஜூன் கடைசிவரை பொறுங்கள்.

பக்கத்தில் இருக்கிறதே என்று குட்லாடம்பட்டிக்கு வண்டியைத் திருப்புவதும் கோடையில் வீண். வாடிப்பட்டி பக்கம், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிற அழகான இடம்தான். ஆனால் அது மழைக்கால அருவி. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தபிறகு வாடிப்பட்டியில் விசாரித்துவிட்டுப் போனால் பார்க்கலாம்.

அப்படியானால் மே மாதத்துக்கு எது? என் கணக்கில் கும்பக்கரையும் சுருளியும். புதிதாகக் கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்த இரண்டையும் நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டுமே மலை அடிவாரத்தில் இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவு ஏறாமல் போய்விடலாம், வழியில் ஆண்டிபட்டிக் கணவாய் மட்டும்தான் கொஞ்சம் ஏற்ற இறக்கம்.

கும்பக்கரை பெரியகுளத்திலிருந்து 8, 9 கிலோமீட்டர். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகவும் போகலாம், வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி வழியாகவும் போகலாம். எப்படிப் போனாலும் 100 கிலோமீட்டர் சொச்சம் வரும். நான் போகும்போது ஒரு வழி, வரும்போது ஒரு வழி என்று வைத்துக்கொள்வேன். பாம்பாறு கொடைக்கானல் மலையிலிருந்து பாறை பாறையாக வழிந்து இறங்குகிற இடம் இது. நேராகக் கொட்டுகிற அருவி என்று நினைத்துப் போகாதீர்கள், பெரிய பாறைகள் மேல் சரிந்து சரிந்து வரும். அந்த ஓட்டத்தில் தண்ணீர் காலகாலமாகப் பாறையைக் குடைந்து ஆழமான குழிகளை உண்டாக்கி வைத்திருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அவற்றைக் கஜம் என்பார்கள்: யானை கஜம், குதிரை கஜம், பாம்பு கஜம், உரல் கஜம். பெயரைக் கேட்கும்போதே அதன் அளவு தெரிகிறது அல்லவா. குளிக்க விடும் இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் காலே வைக்கக் கூடாது.

சுருளி இன்னும் தூரம், மதுரையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், அங்கிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 10 கிலோமீட்டர். மேலே மேகமலையில் தூவானம் என்று ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது, அந்தப் பக்கத்து ஓடைகளும் ஊற்றுகளும் சேர்ந்துதான் சுருளிக்கு வருகிறது. நுழைவாயிலில் சீட்டு வாங்கிக்கொண்டு காட்டு வழியே கொஞ்சம் நடக்க வேண்டும். முட்டி வலி இருக்கிற பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் அதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். இந்தக் காடு 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. யானை இறங்கியிருக்கிறது என்று வனத்துறையினர் அருவியை மூடினால் சண்டை போடாமல் திரும்பி வாருங்கள்.

கொடைக்கானல் தனிக்கதை. அங்கே இருப்பவை பெரும்பாலும் கண்ணால் பார்க்கிற அருவிகள். மலைப்பாதையில் டம் டம் பாறையில் வண்டியை நிறுத்தி எதிர் மலையைப் பார்த்தால், வெள்ளைக் கோடு மாதிரி தெரிவது தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள், 297 மீட்டர் உயரம், தமிழ்நாட்டிலேயே உயரமானது. அந்தத் தண்ணீர்தான் கீழே தேவதானப்பட்டி பக்கம் மஞ்சளாறு அணைக்கு வருகிறது. விடிந்து கொஞ்ச நேரத்தில் பார்த்தால் தெளிவாகத் தெரியும், நேரம் ஆக ஆகப் பனியும் மேகமும் மூடிவிடும். ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால் ரோட்டை ஒட்டியே இருப்பது வெள்ளி நீர்வீழ்ச்சி, சுமார் 180 அடி. அதில் யாராவது குளிக்கலாமா என்று கேட்டால், அது கொடைக்கானல் ஏரி வழிந்து வருகிற தண்ணீர், அவ்வளவு பெரிய ஊரின் நடுவே கிடக்கிற ஏரி, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்பேன். நின்று பாருங்கள், ஒரு டீ குடியுங்கள், கிளம்புங்கள்.

கட்டாயம் குளித்தே ஆக வேண்டும், தண்ணீர் இல்லாமல் போய்விடக் கூடாது என்றால் பாபநாசம் அகஸ்தியர் அருவி. தாமிரபரணித் தண்ணீர், கோடையிலும் அநேகமாக விழுந்துகொண்டிருக்கும். ஆனால் 200 கிலோமீட்டர் வரும். ஒரு ராத்திரி அம்பாசமுத்திரத்தில் தங்கிக் காலையில் குளித்துவிட்டுத் திரும்புவதுதான் சரி, ஒரே நாளில் 400 கிலோமீட்டர் ஓட்டி ஓட்டுகிறவரைக் கொல்லாதீர்கள்.

முந்தின நாள் செய்ய வேண்டியது

பெரியகுளத்திலோ கம்பத்திலோ தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு போன் போடுங்கள். சொந்தக்காரர், கூட வேலை பார்க்கிறவரின் மாமனார், யாராக இருந்தாலும் சரி. கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: தண்ணி விழுதா? குளிக்க விடுறாங்களா? நேத்து ராத்திரி மேலே மழையா? பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் விழுகிறது என்று கிளம்பிப் போய், வெள்ளம் என்று கேட் பூட்டியிருக்கும்போது வாசலில் நின்று புலம்புவதைக் கோடைக்குக் கோடை பார்க்கிறேன். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் நாளிதழ்களின் தேனி மாவட்டச் செய்தியைப் பாருங்கள், கும்பக்கரையில் தடை, தடை நீக்கம் என்று அடிக்கடி வரும். வானிலைத் துறையின் மௌசம் செயலியும், இடி மின்னலுக்கு எச்சரிக்கிற தாமினி செயலியும் போனில் இருக்கட்டும். அதில் பெரியகுளத்துக்குப் பார்க்காமல் கொடைக்கானலுக்குப் பாருங்கள். கம்பத்துக்குப் பார்க்காமல் மேகமலைக்குப் பாருங்கள்.

கொடைக்கானல் போவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வண்டி எண், ஆள் கணக்கு, போகிற வருகிற தேதி கொடுத்தால் இணையத்தில் கிடைத்துவிடும், காசு கிடையாது. ஆனால் 2025 சீசனில் ஒரு நாளைக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள், அதனால் கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் அங்கே தடை உண்டு, கையில் இருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டில் இருக்கிற எவர்சில்வர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் டயர், பிரேக், கூலன்ட், ஸ்டெப்னி பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் பார்க்காதது வைப்பர். ஆறு மாதம் மதுரை வெயிலில் காய்ந்து ரப்பர் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், அது தெரிவது மலையில் கோடைமழை கொட்டும்போதுதான். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை தண்ணீர் அடித்து ஓட்டிப் பாருங்கள், கோடு விழுந்தால் மாற்றிவிடுங்கள்.

திருவிழாத் தேதியையும் பாருங்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா மே மாதத்தில் வரும், தேனியிலிருந்து கம்பம் போகிற ரோட்டில்தான் கோயில். தீச்சட்டி எடுத்துக்கொண்டு ஜனம் நடந்துகொண்டே இருக்கும். அம்மனைக் கும்பிடப் போகிறோம் என்று போனால் சரி, சுருளிக்கு அவசரமாகப் போகிற வாரம் அது இல்லை.

துணி விஷயத்தில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பெண்கள் சேலையோடும் துப்பட்டாவோடும் தண்ணீரில் இறங்காதீர்கள். ஈரத்தில் கனத்து, பாறையில் மாட்டி இழுக்கும். பழைய சுடிதார், துப்பட்டா இல்லாமல், மேலே வேண்டுமானால் ஒரு சட்டை. செயின், மோதிரம், கொலுசு வீட்டிலேயே இருக்கட்டும். மாற்றுத் துணி உள்ளாடையோடு சேர்த்து ஆளுக்கு ஒரு பையாகக் கட்டிவிடுங்கள், ஒரே பெரிய பையில் திணித்தால் உடை மாற்றும் அறை வாசலில் அரைமணி நேரம் போய்விடும்.

விடியற்காலை

ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. கோடைமழை மத்தியானத்துக்கு மேல்தான் கட்டும். காலையெல்லாம் வெயிலில் மலை காய்ந்து, சூடான காற்று மேலே ஏறி, இரண்டு மணி மூன்று மணிக்கு மேகம் திரண்டு இடியோடு கொட்டும். ஆக, காலை எட்டு, ஒன்பது மணிக்குத் தண்ணீரில் இறங்கி, பன்னிரண்டு மணிக்குள் ஏறிவிடுவது என்று திட்டம் போட்டுக்கொண்டால் பெரிய ஆபத்து நேரத்துக்கு முன்பே நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள். கூட்டமும் பத்தரை மணிக்கு மேல்தான் வரும். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

காலைச் சாப்பாடு இட்லி மட்டும், அதுவும் அளவாக. பூரியும் பொங்கலும் மலைப்பாதையில் வெளியே வந்துவிடும். மத்தியானத்துக்குப் புளியோதரை, எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொள்ளுங்கள். தயிர்ச்சாதம் எடுத்துப்போனால் பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் விட்டுப் பிசையுங்கள், இல்லாவிட்டால் கார் வெக்கையில் புளித்துவிடும்.

மலைப்பாதை

கொடைக்கானல் போகாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். போகிறவர்கள் மலைப்பாதை தொடங்குகிற காட்ரோட்டுக்கு முன்னால் வத்தலக்குண்டிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், டயரை ஒரு தடவை பாருங்கள்.

ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம். புதிதாக ஓட்டுகிறவர்கள் நேர்மாறாக நினைத்துக்கொள்கிறார்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிப்பு போய்விடும். கருகிய வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, அரைமணி நேரம் ஆறவிட்டுக் கிளம்புங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டியை டி-யிலேயே விட்டுவிடாமல், எல் அல்லது மேனுவலில் 2 போட்டு இறக்குங்கள்.

ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும், எதிரே பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள், நடுவில் போய் மாட்டிக்கொண்டால் பின்னால் வருகிற அத்தனை பேரும் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். பனி இறங்கினால் ஹைபீம் போடாதீர்கள், வெள்ளைச் சுவர் மாதிரி முகத்திலேயே திரும்பி அடிக்கும்.

தண்ணீரில்

கூட்டத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் நிற்காமல் ஐந்து நிமிடம் ஓரமாக நின்று பாருங்கள். ஜனங்கள் எங்கே கால் வைக்கிறார்கள், எங்கே வழுக்குகிறார்கள், எங்கே யாருமே நிற்கவில்லை. யாரும் நிற்காத இடத்துக்கு ஒரு காரணம் இருக்கும். தண்ணீர் விட்டுவிட்டு நனைகிற பாறையில்தான் பாசி அதிகம். பச்சையாகவோ கறுப்பாகப் பளபளவென்றோ தெரிந்தால் கால் வைக்காதீர்கள். ஹவாய் செருப்போடு நடக்கிறவர்கள்தான் முதலில் விழுகிறார்கள். வெறுங்காலில் பெருவிரலை ஊன்றி நடப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

முதலில் காலை நனையுங்கள், அப்புறம் கை, முகம், கடைசியில் தலை. 40 டிகிரி வெயிலிலிருந்து நேராக மலைத்தண்ணீரில் தலையைக் கொடுத்தால் இளவட்டங்களுக்கே மூச்சு அடைக்கும், ரத்தக்கொதிப்பும் இதய நோயும் உள்ள பெரியவர்களுக்கு ஆபத்து. அவர்களை ஓரத்தில் உட்காரவைத்துச் சொம்பால் மொண்டு ஊற்றினாலே போதும், எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் செய்வோம், அதிலேயே அவருக்கு அவ்வளவு திருப்தி. விழுகிற தண்ணீருக்கு நேர் அடியில் உச்சந்தலையைக் காட்டாதீர்கள். தோளும் முதுகும் படும்படி நில்லுங்கள், மேலேயிருந்து சின்னக் கல் உருண்டு வந்தாலும் தலை தப்பும்.

பிள்ளைகளை விரலைப் பிடித்து நிறுத்தாமல் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துங்கள். ஈரவிரல் நழுவிவிடும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று தண்ணீரில் இறங்கும் முன்னாலேயே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள், எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். நீச்சல் தெரியும் என்ற தைரியம் ஓடுகிற தண்ணீரில் செல்லாது. குடித்துவிட்டு இறங்குகிறவர்கள் பக்கத்தில் நிற்காதீர்கள், அவர்கள் விழும்போது நம் கையைத்தான் பிடிப்பார்கள்.

படம் எடுப்பதற்காகப் பாறை விளிம்புக்குப் போகாதீர்கள். தாண்டிக்குடி மலைப் பக்கம் புல்லாவெளி அருவியில் 2022இல் ஒரு இளைஞர் அப்படி நின்றபோதுதான் வழுக்கி விழுந்தார். சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் வேண்டாம். பாறையில் வழுக்கல் கூடும், அந்தத் தண்ணீரைத்தான் கீழே ஆடும் மாடும் குடிக்கிறது.

குரங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் உள்ளே சாப்பாடு என்று அதற்குத் தெரியும். துணிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கார் கண்ணாடியை முழுதாக ஏற்றிவிட்டுப் போங்கள்.

நிறம் மாறினால்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், அக்கா குடும்பத்தோடு கும்பக்கரை போயிருந்தோம். கிளம்பவே எட்டு மணி ஆகிவிட்டது, அதனால் மத்தியானம் இரண்டரை மணிக்கும் தண்ணீரில் இருந்தோம். எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். கொடைக்கானல் பக்கம் மட்டும் மலை உச்சி தெரியாமல் கறுப்பாக மூடியிருந்தது, அதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு ஒன்றும் யோசிக்கவில்லை. அக்கா மகன்தான் சொன்னான், "மாமா, தண்ணி டீ மாதிரி ஆவுது." குனிந்து பார்த்தேன். அதுவரை தண்ணீருக்குள் தெரிந்த என் பாதம் தெரியவில்லை. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தது. அதே நேரம் காவலர் விசில் ஊதினார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறினோம். அத்தான் செருப்பை எடுக்கத் திரும்பினார், அக்கா அவர் கையை விடவே இல்லை. "செருப்பு போனாப் போகுது, நீங்க வாங்க." பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, நாங்கள் உட்கார்ந்து குளித்த பாறையைக் காணவில்லை, செம்மண் நிறத்தில் தண்ணீர் அதன்மேல் புரண்டு போனது. அப்போதும் எங்கள் மேல் ஒரு சொட்டு மழை இல்லை.

அன்றைக்குப் பிறகு தண்ணீருக்கு வெளியே ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார், முறை வைத்து மாற்றிக்கொள்வோம். அவர் வேலை மலை உச்சியைப் பார்ப்பதும் தண்ணீரைப் பார்ப்பதும்தான். எதைப் பார்க்க வேண்டும் என்றால்: தெளிந்த தண்ணீர் கலங்குகிறதா, இலை, சருகு, குச்சி திடீரென்று வருகிறதா, இரைச்சல் கூடுகிறதா, நனையாமல் இருந்த பாறை நனைகிறதா, மேலே மலையில் இடி கேட்கிறதா. இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று இன்னொன்றுக்குக் காத்திருக்காதீர்கள். எல்லோரையும் கூப்பிட்டு வெளியே வாருங்கள். ஓட்டத்தின் போக்கில் கீழ்ப்பக்கம் ஓடாமல், கரைப்பக்கம் திரும்பி மேட்டுக்கு ஏறுங்கள். பை, செருப்பு, போன், எதையும் எடுக்க நிற்காதீர்கள். நடுப்பாறையில் மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் நீங்கள் உள்ளே குதிக்காமல் கயிறோ கட்டிய துண்டோ வீசுங்கள், காவலரைக் கூப்பிடுங்கள், 112க்கோ 108க்கோ போன் செய்யுங்கள். மலை இடுக்கில் சிக்னல் இருக்காது, அதனால் வண்டி நிறுத்துகிற இடத்திலேயே எங்கே சிக்னல் கிடைக்கிறது என்று வரும்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

வெள்ளம் வடிந்துவிட்டது என்று தோன்றினாலும் அன்றைக்கு மறுபடி இறங்காதீர்கள். மலையில் மழை விட்டதா என்று நமக்குத் தெரியாது.

திரும்பும்போது

குளித்து முடித்து, புளியோதரையைச் சாப்பிட்டு, மத்தியான வெயிலில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் தூக்கம் சொக்கும். இது எல்லோருக்கும் வரும். ஓட்டுகிறவர் மட்டும் அரைவயிறு சாப்பிட்டு, மர நிழலில் 20 நிமிடம் படுத்து எழுந்து, ஒரு டீ குடித்துவிட்டு எடுக்கட்டும். மற்றவர்கள் அவர் எழும்வரை சத்தம் போடாமல் இருங்கள். வண்டிக்குள்ளே பிள்ளைகளைத் தூங்கவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மட்டும் போகாதீர்கள், வெயிலில் நிற்கிற கார் கொஞ்ச நேரத்திலேயே அடுப்பாகிவிடும்.

சாப்பிட்ட இலை, கவர் எல்லாவற்றையும் பையில் கட்டி வண்டியிலேயே எடுத்துவந்து ஊரில் போடுங்கள். காட்டுக்குள் பீடி, சிகரெட் பற்றவைக்காதீர்கள், அடுப்பு மூட்டாதீர்கள். 2018 மார்ச்சில் போடி பக்கம் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இந்தப் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் மறக்காது. கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

கும்பக்கரையிலிருந்து திரும்புகிறவர்கள் பெரியகுளத்தில் வண்டியை நிறுத்துங்கள், மே மாதம் மாம்பழக் காலம், தோப்பிலிருந்து நேராக வந்த காயைப் பார்த்துப் பொறுக்கி வாங்கலாம். சுருளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கம்பத்தில் பன்னீர் திராட்சை. ஈரத்துணிப் பையை அந்தப் பழத்தோடு சேர்த்து டிக்கியில் போட்டு மூடாதீர்கள், உசிலம்பட்டி தாண்டுவதற்குள் இரண்டும் வீணாகிவிடும்.